சேரிக்கு வராதீங்க

ஜனவரியில் சமத்துவப் பொங்கல், ஏப்ரல் 14 அம்பேத்கர் சிலைக்கு மாலை, ஆகஸ்ட் 15 கோயிலில் பொது விருந்து. பழனியிலும் கட்சி மாறும், காலண்டர் மாறாது.

நம்ம இலையில் சாப்பிட்டால் தீண்டாமை போயிருமா? நோய் ஊர்த்தெருவில்; மருந்து மட்டும் சேரிக்கா?

பக்கத்து மதுரை மாவட்டம் மேலவளவில், 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். தலித் ஊராட்சித் தலைவரானதே குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996 தொடங்கி 2006 வரை அந்த நாற்காலியில் ஒரு தலித்தை நிலைக்க விடவில்லை. அந்தப் பத்து வருசமும் ஊர்த்தெருவில் ஓட்டுக் கேட்டவர்கள் இதைக் கேட்டார்களா? கேட்டால் ஓட்டு போயிருமே!

தோழர்களே, மடிப்புக் கலையாத வேட்டியோடு இலை முன்னால் உட்கார வருபவரிடம் சொல்லுவோம்: ஐயா, எங்களோடு உண்டது போதும். ஊர்த்தெருவுக்குப் போங்க. அங்க பேசிட்டு வாங்க, சோறு போடுறோம்.