சராசரி மழை சோறு போடாது!

"இந்த ஆண்டு மழை எப்படி?" என்று கேட்டால், "சராசரி மழை" என்று பதில் வருகிறது. பட்டணத்தில் இருப்பவர்களுக்கு அது போதும். தஞ்சாவூர் விவசாயிக்குப் போதுமா?

கணக்கைப் பார்ப்போம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டில் இந்த மூன்று மாதங்களில் வழக்கமாக 44 செ.மீ. மழை பெய்யும். 2015-ம் ஆண்டில் 67 செ.மீ. பெய்தது. சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தன. 2016-ல் 17 செ.மீ.தான் பெய்தது. மேட்டூர் அணையிலும் தண்ணீர் இல்லை. காவிரிப் பாசன வயல்களில் சம்பாப் பயிர் கருகியது. மனம் உடைந்து இறந்த விவசாயிகளைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது.

இரண்டு ஆண்டு மழையையும் கூட்டுங்கள். 84 செ.மீ. இரண்டால் வகுத்தால் 42. வழக்கத்தைவிட 2 செ.மீ.தான் குறைவு!

காகிதத்தில் நல்ல மழை. வயலிலோ, ஓர் ஆண்டு பயிர் அழுகியது; மறு ஆண்டு காய்ந்தது. சராசரியின் லட்சணம் இதுதான்.

காலம் தப்பிய மழை

நெல்லுக்கு மழை எவ்வளவு என்பது மட்டும் முக்கியம் அல்ல. எப்போது பெய்கிறது என்பதே பெரிது. நாற்றங்காலுக்கு அளவான தண்ணீர் வேண்டும். நட்ட பயிர் பல நாள் மூழ்கிக் கிடக்கக்கூடாது. பூக்கும்போது அடைமழை பெய்தால் கதிர் பதராகும். அறுக்கும்போது வெயில் வேண்டும்.

2020-ம் ஆண்டின் பருவமழை, கணக்குப்படி குறை இல்லாத மழை. டிசம்பர் 31-ந் தேதியோடு கணக்கை மூடினார்கள். மழை மூடவில்லை! 2021 ஜனவரியில், பொங்கல் நேரத்தில், டெல்டா மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. முற்றிய கதிர்கள் சாய்ந்தன. நெல் கதிரிலேயே முளைவிட்டது. நகையை அடகு வைத்து உழுதவர், அதை மீட்க நம்பியிருந்த நெல் அது.

ஏன் இப்படி? காற்றில் சூடு ஏறினால் அது அதிக நீராவியைத் தாங்கும். ஒரு டிகிரி சூடு கூடினால் சுமார் 7 சதவீதம் அதிகம். அதனால் பெய்யும்போது மொத்தமாகக் கொட்டுவது உலகெங்கும் கூடி வருகிறது. அப்படிக் கொட்டினால் என்ன ஆகும் என்பதை, 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ.! அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அதிகம். அதனால் விளைச்சல் பெருகியதா? குளங்களின் கரைகள் உடைந்தன. வயல்களில் மணல் மூடியது.

நஷ்டத்துக்கும் சராசரியா?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பயிர்க் காப்பீட்டில், ஊரில் சில வயல்களை மட்டும் அறுத்துப் பார்த்து, ஊர் முழுவதற்கும் சராசரி விளைச்சல் போடுகிறார்கள். மேட்டு வயல்காரருக்கு நன்றாக விளைந்திருந்தால், பள்ளத்து வயல்காரரின் நஷ்டம் அதிலே மறைந்துபோகிறது. மழைக் கணக்கில் ஏமாந்தவர் இங்கேயும் ஏமாறுகிறார். வயல் வயலாகப் பார்க்க ஆள் போதாது என்பார்கள். பள்ளத்து வயல் எது என்று கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியாதா?

நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகும் பெண்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. வயல் மூழ்கினாலும் வேலை இல்லை. காய்ந்தாலும் வேலை இல்லை. அவர்கள் இழந்த கூலி பயிர்க் காப்பீட்டில் வருவதே இல்லை.

கடைசியாகக் கொள்முதல் நிலையம். நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்பது விதி. மழை பெய்ததும் விதியைத் தளர்த்தச் சொல்லி டில்லிக்குக் கடிதம் போகிறது. குழு வருகிறது, நெல்லை அள்ளிப் பார்க்கிறது, திரும்பிப் போகிறது. உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்குமா? தார்ப்பாய்க்கு அடியில் முளைத்துவிடுகிறது.

அறுவடை மாதத்தில் இத்தனை செ.மீ. மழை பெய்தால், இத்தனை சதவீத ஈரம் வரை வாங்கலாம் என்று முன்னதாகவே விதி எழுதி வைத்தால் என்ன? தாலுகாதோறும் மழைமானி இருக்கிறதே!