சேவற் கொண்டை சொன்ன செய்தி

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவனின் தாயார், மருமகளின் சாதகத்தைக் கையோடு கொண்டுவந்தார். மணமாகி இரண்டாண்டாகியும் பேரப்பிள்ளை இல்லை. "இதிலைதான் ஏதோ பிழை, மாஸ்டர். உங்களுக்குத் தெரிஞ்ச ஆரிட்டையாவது காட்டிப் பாருங்கோ" என்றார். மருமகளை மூன்று வைத்தியரிடம் காட்டியாயிற்று. மகனை ஒருவரிடமும் காட்டவில்லை. "அவனுக்கென்ன குறை? ஆளைப் பாருங்கோவன்!" என்பதே அவர் காட்டிய சான்று. ஆள் மல்லன்போல் இருப்பது மெய்யே. தனியே விசாரித்தபோது, தசை பெருக்கும் பொருட்டு இரண்டாண்டுக்கு மேலாகத் தெஸ்தோஸ்தரோன் ஊசி ஏற்றுவதாக ஒப்புக்கொண்டான்.

குடும்பத்தார் கூடிப் படிக்கும் பகுதியில் இதனை எழுதலாமா எனத் தயங்கினேன். பெயர் சுட்டாது எழுதுமாறு அவனே இசைந்தான்.

1849 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் பேர்த்தோல்ட் என்னும் அறிஞர் ஆறு இளஞ்சேவல்களைக்கொண்டு ஒரு பரிசோதனை செய்தார். விதைகள் முற்றாக அகற்றப்பட்டவை கொண்டை சிறுத்து, கூவுதலும் சண்டையும் மறந்தன. இடம் பெயர்த்து வயிற்றறையுள் விதை பதிக்கப்பட்டவையோ குறைவற்ற சேவல்களாகவே வளர்ந்தன. பெயர்த்த விதைக்குப் பழைய நரம்புத் தொடர்பு இல்லை. புதிய குருதிக்குழாய்களே உண்டு. ஆகவே விதையின் செய்தி குருதிவழியே செல்கிறது என அவர் கண்டார். ஓமோன் என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை!

அச்செய்தியை ஆக்குவன, லைடிக் 1850 இல் விவரித்த கலங்கள். தெஸ்தோஸ்தரோன் அவற்றிலேயே சுரக்கிறது. விந்துக் கலங்களைப் பேணி வளர்ப்பவை வேறு. அவற்றை 1865 இல் விவரித்த சேர்ட்டோலிக்கு அப்போது வயது இருபத்துமூன்றுதான். இச்செவிலிக் கலங்கள் உணவூட்டுவதோடு நிற்பதில்லை. வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களையும் சுரந்து, அருகிலுள்ள மூலக் கலங்களுக்கு ஆணையிடுகின்றன. அவற்றுள் ஒன்றை ஹெல்சிங்கி ஆய்வாளர் எலிகளில் ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. காரணி குறைந்தால் மூலக் கலங்கள் தம்மைப் புதுப்பியாது தீர்ந்துபோகின்றன; மிகுந்தால் முதிர்ச்சி பெறாமலே குவிந்துகிடக்கின்றன. விதைநெல் முழுவதையும் சமைத்துண்பவனும், ஒரு மணியையும் விதையாது பூட்டிவைப்பவனும் போல என்க.

இக்கலங்களை ஏவுவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி. அதன் ஓர் ஓமோன் லைடிக் கலங்களையும், மற்றொன்று சேர்ட்டோலிக் கலங்களையும் தூண்டும். குருதியில் தெஸ்தோஸ்தரோன் போதியதாயின் மூளை அவ்வேவலைக் குறைத்துவிடும். என் மாணவன் ஏமாற்றியது இந்தக் காவலாளியைத்தான். ஊசியால் குருதி நிறைந்தது. மூளை இரு கட்டளைகளையும் அடக்கிற்று. விதையினுள்ளே தெஸ்தோஸ்தரோன் குருதியிலுள்ளதைவிடப் பன்மடங்கு செறிந்திருந்தாலன்றி விந்து முதிராது. அச்செறிவை ஊசியால் ஈடுசெய்ய இயலாது. தசை திரளும், மீசை அடர்ந்திருக்கும். உள்ளே உலை அணைந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்து 1990 இல் முடிவை வெளியிட்டது. வாரந்தோறும் 200 மில்லிகிராம் ஊசி பெற்றோருள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்துக் கலம் அறவே இல்லாதொழிந்தது. பிள்ளை வேண்டாதார்க்கெனச் சோதித்த மருந்தைப் பிள்ளை வேண்டி நேர்த்தி வைக்கும் வீட்டில் ஒருவன் ஏற்றிக்கொண்டிருந்தான்!

அவனுடைய முதற் பரிசோதனையிலும் விந்துக் கலம் ஒன்றும் காணப்படவில்லை. இப்போது வைத்தியரின் கண்காணிப்பில் ஊசியை நிறுத்தியிருக்கிறான். ஒரு விந்துக் கலம் உருவாகவே ஏறக்குறைய 74 நாட்கள் செல்லும். பெரும்பாலார் ஓராண்டளவில் தேறுவர். சிலருக்கு இரண்டாண்டும் ஆகலாம், சிலர் முற்றாகத் தேறாமலும் போகலாம். வைத்தியர் இதை ஒளிக்காமலே கூறினாராம். மனைவியும் உடனிருந்து கேட்டாள்.

அவளுடைய சாதகம் இன்னமும் என் மேசையிலேயே கிடக்கிறது. மாமியார் அதைக் கேட்டு வரவில்லை.