ஐந்து பேருக்கு முகம், எழுநூற்றைம்பது பேருக்கு வெறும் எண்

2023 ஜூன் 14. லிபியாவின் தொப்ருக்கிலிருந்து இத்தாலியை நோக்கிச் சென்ற 'அட்ரியானா' என்ற பழைய மீன்பிடிப் படகு, கிரேக்க நாட்டின் பைலோஸ் அருகே கடலில் மூழ்கியது. அதில் பாகிஸ்தானியர், எகிப்தியர், சிரியர், பாலஸ்தீனர் எனச் சுமார் 750 பேர் இருந்தார்கள். 104 பேர் மட்டுமே உயிர் பிழைத்தார்கள். அவர்களில் ஒரு பெண்கூட இல்லை.

நான்கு நாள் கழித்து, டைட்டானிக் சிதைவைப் பார்க்கப் போன 'டைட்டன்' நீர்மூழ்கி காணாமல் போனது. உள்ளே ஐந்து பேர். ஓர் இருக்கையின் விலை இரண்டரை லட்சம் டாலர்.

இந்த இரண்டில் எது உங்கள் நினைவில் நிற்கிறது? பெரும்பாலோருக்கு டைட்டன்தான். இன்னும் எத்தனை மணிநேர ஆக்சிஜன் மிச்சம் என்று தொலைக்காட்சிகள் எண்ணிக்கொண்டிருந்தன. அந்த ஐவரின் பெயர், படம், குடும்பக் கதை எல்லாம் நமக்குத் தெரிந்தன. அட்ரியானாவில் போனவர்கள் ஓர் எண்ணாக வந்து, ஓர் எண்ணாகவே போனார்கள்.

இது வெறும் நாட்டுப் பாகுபாடு என்று சொல்லிவிட முடியாது. டைட்டனில் இறந்தவர்களில் இருவர் பாகிஸ்தானின் பெரும் தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அட்ரியானாவிலும் நூற்றுக்கணக்கான பாகிஸ்தானியர்கள் இருந்தார்கள். நாடு ஒன்றுதான், வர்க்கம்தான் வேறு.

"மக்கள் பார்ப்பதைத்தான் காட்டுகிறோம்" என்பது ஊடகங்களின் வழக்கமான பதில். முகமே காட்டாதவர்களுக்காக மக்கள் எப்படித் துடிப்பார்கள்? முதலில் ஒருவரை மனிதராகக் காட்ட வேண்டும். அக்கறை அதற்குப் பிறகுதான் வரும். யாரை அப்படிக் காட்டுவது என்று முடிவெடுக்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே கேள்வி.

நம் நாட்டில் அதற்கு விடை இருக்கிறது. ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்த்திக்கொண்ட சாதியினரிடம் இருந்தன. தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. சேரியில் விழும் பிணம் ஏன் நான்காம் பக்கத்துப் பெட்டிச் செய்தியாகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

சமூக ஊடகம் இந்த வாயிற்காவலர்களை ஒழித்துவிட்டது என்று நம்பினோம். பாதிதான் உண்மை. இப்போது ஆசிரியரின் இடத்தில் அல்காரிதம் இருக்கிறது. எது நம் கட்டைவிரலை நிறுத்துகிறதோ, அதையே அது மேலே தள்ளும். டைட்டனுக்கு மீம்கள் குவிந்தது அப்படித்தான்.

ஆனாலும் உனாவை மறந்துவிட முடியாது. 2016 ஜூலையில், குஜராத்தில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள், அதைத் தாங்களே படம்பிடித்துப் பரப்பினார்கள். மற்ற தலித்துகளை மிரட்டத்தான் அந்தக் காணொளி. அதே காணொளி அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. எப்படி? தலித் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுவந்து அரசு அலுவலகத்தின் முன் போட்டார்கள், இனி அப்புறப்படுத்த மாட்டோம் என்றார்கள். காணொளியைச் செய்தியாக்கியது பகிர்வுகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, தெருவில் இறங்கிய இயக்கமும்தான்.

நம் முன்னோடிகளுக்கு இது தெரிந்திருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது திலகரின் 'கேசரி'. பெரியார் 1925இல் 'குடி அரசு' கண்டார். அடுத்தவர் பத்திரிகையில் இடம் கிடைக்கும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை.

இளம் தோழர்களே, பகிர்வது தவறல்ல. பகிர்ந்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. அட்ரியானாவில் உயிர் பிழைத்த எகிப்தியர் ஒன்பது பேரையே குற்றவாளிகளாக்கிச் சிறையில் அடைத்தது கிரேக்க அரசு. 2024 மே மாதம் கலமாட்டா நீதிமன்றம், தனக்கு அதிகார வரம்பே இல்லை என்று அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தச் செய்தி நம் திரையில் எத்தனை நொடி நின்றது?

அடுத்த முறை ஒரு கொடுமை உங்கள் திரைக்கு வந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதே வாரத்தில் திரைக்கு வராமல் போனது எது? இந்த வழக்கு ஆறு மாதம் கழித்து எங்கே நிற்கும்? இரண்டாவது கேள்விக்கான தேதியை இன்றே குறித்து வையுங்கள். அநீதி செய்பவர்கள் நம் மறதியை நம்பித்தான் இருக்கிறார்கள்.