உளி பிடித்த கை எங்கே?

கல்லிலே கடவுள் குடியிருக்கிறார் என்கின்றனர். குடியேற்றியவன் யார் என்று கேட்கிறோம் நாம்.

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டிலே, 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் உண்டு. செங்கல்லின்றி, மரமின்றி, உலோகமின்றி, சுண்ணமின்றி, பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் அமைத்தது இது என்று பெருமை பேசுகிறது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் விருதுப்பெயர். பயன்படுத்தாத பொருள்களுக்கெல்லாம் கல்வெட்டிலே இடமுண்டு. பயன்பட்ட கைகளுக்கோ இடமில்லை! மன்னனா உளி பிடித்தான்? மும்மூர்த்திகளா சம்மட்டி தூக்கினர்?

மாமல்லபுரத்தைப் பாருங்கள். மகிடாசுரமர்த்தினி குகையிலே, எட்டுக் கரங்களுடன் சிங்கத்தின்மீது அமர்ந்து வில் வளைக்கிறாள் துர்க்கை. எதிரே எருமைத் தலையுடன் மகிடன். புராணம் அவனை இழித்துரைக்கிறது. சிற்பியோ அவன் தலையில் முடி சூட்டினான். கையிலே கதை தந்தான். மேலே குடையும் கவித்தான். பகைவனுக்கும் பெருமிதம் உண்டென்று எண்ணிய அந்த நெஞ்சம் மனித நெஞ்சமன்றோ!

அதே ஊரில், அருச்சுனன் தவம் எனப்படும் பெருஞ்சிற்பத்தைப் போலவே செதுக்கத் தொடங்கி, அரைகுறையாய் விடப்பட்ட பாறையும் நிற்கிறது. உளி நின்ற இடத்தில் உருவங்களும் நின்றுவிட்டன. தாமே தோன்றும் ஆற்றல் தெய்வங்களுக்கு உண்டென்றால், மிச்சத்தையும் முடித்துக்கொள்ள 1300 ஆண்டுகள் போதாவோ?

உடனே சிலர் பதறுவர், "கலையைப் பழிக்கிறார்களே!" என்று. இல்லை, ஐயா! சிலையை உடைக்கச் சொல்லவில்லை. சிற்பியை மறைக்காதீர் என்கிறோம்.

மறைந்தவனுக்கும் ஒரு சான்று உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியிலே, பாறையொன்றில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என நீளும் அப்பெயர்கள், அங்கு உழைத்த கலைஞர்களுடையவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கொல்லன் உலையிலே காய்ச்சித் தீட்டாத உளி, கருங்கல்லைத் தொடுமா?

1984இல் மாமல்லபுரச் சின்னங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. உலகம் வந்து வியக்கிறது. பூஞ்சேரிப் பாறையை எட்டிப் பார்ப்போர் எத்தனை பேர்? பள்ளித் தேர்விலே, "செதுக்கியவர் யார்?" என்ற வினாவுக்கு மன்னன் பெயருக்கே மதிப்பெண்!

தோழர்களே! சிற்பம் காணச் செல்லுங்கள். கைகூப்புவதற்காக அன்று, கைகளைக் காண்பதற்காக. திரும்பும் வழியில் பூஞ்சேரிக்கும் செல்லுங்கள். அந்தப் பெயர்களை உரக்கப் படியுங்கள். உடன் வரும் சிறுவர்களையும் படிக்கச் சொல்லுங்கள். மந்திரம் ஓதிக் கல் சிலையானதில்லை. மனிதன் உழைத்தான், சிலையானது!