காதுக்கு ஓர் அவியல்!

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலையைத் தாண்டினால் கேரளா. அங்கிருந்து வந்த அவியல், கல்யாணப் பந்தியில் மட்டுமல்ல, இயர்போனிலும் உண்டு!

ராக் என்றாலே ஆங்கிலம்தான் என்றிருந்த நேரம். 2003-ல் திருவனந்தபுரத்தில் உருவான ‘அவியல்’ இசைக்குழு மலையாளத்தில் பாடியது. ‘நட நட’ பாடல் ஊரறிய வைத்தது. ஆனாலும், முதல் ஆல்பம் வர 2008 ஆகிவிட்டது. அதற்குள் பாடகரே மாறிவிட்டார். டோனி ஜான், ரெக்ஸ் விஜயன், மிதுன், நரேஷ் காமத் நால்வரும் எட்டுப் பாடல்களோடு வந்தார்கள். இளசுகள் கொண்டாடினார்கள். ரெக்ஸ் விஜயன் பிறகு சினிமா இசையமைப்பாளரும் ஆனார்.

அவியலில் காய்கள் பல. சேர்த்துப் பிடிப்பது தேங்காய். இங்கே கிடாரையும் டிரம்ஸையும் சேர்த்துப் பிடித்தது தாய்மொழி.

ஆண்டாள் தமிழ் பாடிய ஊரில் கிடார் பழகும் தம்பி, தங்கைகளே... உங்கள் முதல் பாட்டு எந்த மொழியில்?