நாளைய ஆசிரியர்களின் கையில் எந்த அளவுகோல்?

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகப் பரவிய வதந்தியே அதற்குக் காரணம். அந்த உணவைப் பரிசோதித்த அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம், அதில் இருந்தவை வெறும் மாவுக் கட்டிகள்தான் என்று பின்னர் அறிவித்தது. ஒரு வேளை உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லவே இல்லை.

இரண்டு வருடங்களின் பின் கொரோனா வந்தது. தொற்றினால் மரணித்தவர்களைப் புதைக்கவும் முடியும், எரிக்கவும் முடியும் என 2020 மார்ச் 24ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டல் வெளியிட்டது. ஆனால் ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்பதே சொல்லப்பட்ட நியாயம். அதற்கு ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை. பிறந்து 20 நாட்களேயான சிசுவின் உடல் கூட எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வரை அந்தத் தடை நீடித்தது. அதன் பிறகுதான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இந்த அனுபவங்களோடு வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று அட்டாளைச்சேனையிலும் தர்கா நகரிலும் ஏனைய இடங்களிலும் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகளில் ஆசிரியர் பயிலுனர்களாக இருக்கிறார்கள். இரண்டு வருடம் கல்லூரி, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி என்று முடித்துவிட்டு, அடுத்த முப்பது வருடங்களுக்கு எமது பிள்ளைகளின் முன் நிற்கப் போகிறவர்கள் இவர்கள். விஞ்ஞானமும் சமூகமும் மோதும் கேள்வி ஒன்று வந்தால் இவர்கள் எப்படிச் சிந்திப்பார்கள்?

கொத்து ரொட்டிக் கதையைச் சொன்னால் எந்தப் பயிலுனரும் சிரிப்பார். ஜனாஸா எரிப்பு பற்றிக் கேட்டால், "ஆதாரம் எங்கே?" என்று சரியாகவே கேட்பார். இனி கேள்வியைச் சற்று மாற்றிப் பார்ப்போம். பாடசாலையில் ஆறாம் தர மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலிருந்து வருகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் இந்த ஊசி 2017 முதல் எமது நாட்டில் வழங்கப்படுகிறது. ஒரு தாய் வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவைக் காட்டி, "டீச்சர், இதப் போட்டா பிள்ளைக்குப் பின்னால குழந்தை கிடைக்காதாமே?" என்று கேட்கிறார். பயிலுனர் என்ன பதில் சொல்வார்?

அம்பாறையில் எமக்கு எதிராகக் கிளம்பிய வதந்தியும் இந்தக் குரல் பதிவும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டுமே எமது சந்ததியை யாரோ இரகசியமாக அழிக்கிறார்கள் என்ற பயத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் பின்னால் ஆய்வுகூட ஆதாரம் இல்லை. எச்.பி.வி. ஊசி கருத்தரிக்கும் ஆற்றலைப் பாதிப்பதாக ஆதாரம் கிடையாது. மாறாக, புற்றுநோய் வந்தால் அதற்கான சிகிச்சைதான் பல பெண்களின் தாய்மையைப் பறிக்கிறது. முதல் வதந்தியைக் கேட்டுச் சிரித்தவர் இரண்டாவதைக் கேட்டு "இருக்கலாம்" என்று தலையாட்டினால், அவர் ஆதாரத்தைப் பார்க்கவில்லை, கதை யார் பக்கம் என்பதைத்தான் பார்த்திருக்கிறார்.

இது எமது சமூகத்துக்கு மட்டும் உரிய பலவீனம் அல்ல. அமெரிக்க ஆய்வாளர்களான சாட்லரும் சைட்லரும் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மரபணு சிகிச்சை, குளோனிங் போன்ற விடயங்களில் கல்லூரி மாணவர்கள் முடிவெடுக்கும் விதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். காரண காரியங்களை எடை போட்டு முடிவெடுப்பது ஒன்று. பாதிக்கப்படுபவர் மீதான இரக்கத்திலிருந்து முடிவெடுப்பது இன்னொன்று. கேட்டவுடன் மனதில் தோன்றுவதையே முடிவாகக் கொள்வது மூன்றாவது. ஒரே மாணவரிடம் இவை கலந்தும் வரும்.

இதில் இரக்கத்தைக் குறையாகக் கருதத் தேவையில்லை. 2020 டிசம்பரில் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் எல்லா இனத்தவரும் வெள்ளைத் துணி கட்டியது இரக்கத்தால்தான். அந்த இரக்கம் சரியான பக்கம் நின்றது. ஆபத்து மூன்றாவது வகையில்தான் அதிகம். மனம் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அதன் பிறகு அறிவு அதற்கு நியாயம் தேடும் வேலையை மட்டுமே செய்யும். நன்றாகப் படித்தவருக்கு இது இன்னும் இலகு. ஜனாஸா எரிப்புக்கு நியாயம் சொன்னவர்களிலும் பட்டம் பெற்ற நிபுணர்கள் இருந்தார்கள் என்பதை மறக்க முடியாது.

அதனால், விஞ்ஞான பாடத்தில் கூடிய புள்ளி எடுப்பது மட்டும் போதாது. கல்வியியற் கல்லூரிகளில் இதற்கென ஒரு பழக்கம் வேண்டும். அதை எமது சமூகம் சம்பந்தப்படாத விடயத்திலிருந்து தொடங்குவது நல்லது. 2021 மே மாதம் இரசாயன உரத்துக்கு விதித்த தடையை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தடை நவம்பரில் நீக்கப்பட்டது. அதற்குள் அம்பாறை மாவட்ட விவசாயி பட்ட பாடு பல பயிலுனர்களின் சொந்த வீட்டுக் கதை. சேதனப் பசளை மட்டும் போட்டால் பெரும்போகத்தில் என்ன விளைச்சல் வரும் என்பது அளந்து பார்க்க வேண்டிய கேள்வி. நட்டத்தை யார் தாங்குவது என்பது நீதி பற்றிய கேள்வி. முதலாவதற்கு வயலில் பதில் தேடலாம். இரண்டாவதற்கு ஆய்வுகூடம் பதில் சொல்லாது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகியவருக்கு 2020இல் நடந்ததும் தெளிவாகப் புரியும். நீரில் வைரஸ் கலக்குமா என்பது முதல் வகைக் கேள்வி. மரணித்தவரின் நம்பிக்கைக்கு என்ன மரியாதை என்பது இரண்டாவது வகை. இரண்டாவது கேள்வியில் எடுத்த முடிவை முதல் கேள்வியின் போர்வைக்குள் மறைத்ததுதான் அன்று நடந்த அநியாயம்.

பிறகு ஒவ்வொரு பயிலுனரும் தன் நிலைப்பாட்டின் கீழே ஒரு வரி எழுதட்டும்: எந்த ஆதாரம் கிடைத்தால் நான் இந்தக் கருத்தை மாற்றிக்கொள்வேன்? அந்த வரியை எழுத முடியாதவர் அந்த விடயத்தில் இன்னும் சிந்திக்கத் தொடங்கவில்லை. இதற்குப் புதிய கட்டடமோ நிதியோ தேவையில்லை. விரிவுரையாளர் ஒருவர் மனம் வைத்தால் அடுத்த வாரமே செய்யலாம்.

ஆதாரம் கேட்கும் உரிமையை நாம் பெரும் விலை கொடுத்துப் பேசியிருக்கிறோம். எமக்கு வரும் செய்திகளிலும் அதே கேள்வியைக் கேட்காவிட்டால் அந்த உரிமைக்குப் பெறுமதி இருக்காது. குரல் பதிவோடு வரும் தாயை ஏளனம் செய்யாமல், அவரது பயத்தைக் காது கொடுத்துக் கேட்டு, எது உண்மை எது வதந்தி என்று பக்குவமாக விளக்கும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பாடசாலையிலும் எமக்கு வேண்டும். அவரை உருவாக்கும் இடம் கல்வியியற் கல்லூரிதான்.