ஐம்பது வயதுக் 'குழந்தைகள்'

நமது சமூகத்தில் ஒருபோதும் வயதாகாத மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். தலைமயிர் நரைத்த பின்னும் அவர்கள் நமக்குக் 'குழந்தை'. அன்பு சற்று மிகுந்தால் 'கடவுளின் குழந்தை'. அவர்கள் முன்னாலேயே "அது சாப்பிட்டுதோ?" என்று கேட்போம். அறிவுவளர்ச்சிக் குறைபாட்டுடன் பிறந்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். இந்த 'அது'வையும் 'குழந்தை'யையும் அன்பென்று ஏற்க நான் தயாரில்லை. குழந்தைக்கு முதுமை கிடையாது. ஆகவே அதன் முதுமைக்கு எவரும் ஆயத்தம் செய்யத் தேவையுமில்லை!

ஆனால் அவர்கள் மூப்படைகிறார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவில் 1983இல் சுமார் 25 வயது. இன்று ஏறக்குறைய 60. நான் அகதியாய் வந்து கோப்பை கழுவும் ஜேர்மனியிலோ இதற்கு ஓர் இரத்தக் கணக்கும் உண்டு. 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்ட் வரை ஹடமார் உட்பட ஆறு நிலையங்களில் 70,000க்கும் மேற்பட்ட ஊனமுற்றோரையும் மனநோயாளரையும் நாஜிகள் நச்சுவாயுவால் கொன்றார்கள். பட்டினியாலும் மருந்தாலும் 1945 வரை கொலை தொடர்ந்தது. போருக்குப் பின் பிறந்தவர்களே இங்கு பெருந்தொகையாய் முதுமை காணும் முதல் தலைமுறை.

அந்த முதுமை முந்தியும் வருகிறது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆவது நிறமூர்த்தம் மூன்றாக இருக்கிறது. அல்சைமர் நோயுடன் தொடர்புடைய மரபணுவொன்று அதில்தான் உள்ளது. ஆகவே பலருக்கு ஐம்பதுகளிலேயே மறதிநோய் தலைகாட்டுகிறது. ஆனால் தடுமாற்றமெல்லாம் அல்சைமர் அல்ல. தைரொய்ட் சுரப்புக் குறைவு, காது மந்தம், கண்புரை, மனச்சோர்வு எல்லாம் அப்படித் தோன்றக்கூடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "அது எப்பவும் உப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டால் யார் சோதிப்பது?

நம்மவரின் பதில் தயாராக இருக்கிறது: "வெள்ளையளைப் போல நாங்கள் பிள்ளையை ஹோமிலை தள்ளமாட்டம்." நல்லது. எழுபத்தைந்து வயதுத் தாய் இன்னும் எத்தனை காலம் குளிப்பாட்டுவாள்? "எனக்கு முதல் அது போயிடவேணும்" என்று நேர்த்தி வைக்கும் தாய்மாரை நான் அறிவேன். அந்த நேர்த்திக்குப் பொறுப்பாளிகள், கலியாணவீட்டுக்கு அவளைத் தனியே வரச்சொல்லும் நாம்தான். அவள் இறந்த வாரத்தில் ஐம்பது வயது மகன் தாயையும், வீட்டையும், மொழியையும், சோற்றையும் ஒருசேர இழந்து, முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சேருகிறான். தள்ளிவிடுவது என்பது இதுவல்லவா?

ஜேர்மனியில் ஊனமுற்றோருக்கான தொழிற்பட்டறையில் இருபது வருடம் வேலை செய்தவருக்கு ஓய்வூதிய உரிமை உண்டு. மானத்துக்குப் பயந்து பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிய பெற்றோர் பறித்தது அந்த உரிமையையும்தான். வயதுவந்தவரின் சட்ட உரிமையைப் பறிக்கும் பழைய முறையை இந்த நாடு 1992இல் ஒழித்தது. நமது வீடுகளில் அது இன்னும் அமுலில் இருக்கிறது!

தேருக்கும் மண்டபத்துக்கும் காசு சேர்க்கும் ஊர்ச்சங்கங்களே, உங்கள் ஊரவரில் இப்படி எத்தனை பேர், அவர்களின் தாய்தந்தையருக்கு என்ன வயது என்று ஒரு கணக்கெடுத்தீர்களா? பெற்றோரே, நீங்கள் உயிரோடிருக்கும்போதே அவரிடம் கேளுங்கள்: எங்கே, யாருடன் வாழ விருப்பம்? அவர் என்ன சாப்பிடுவார், நோவை எந்தச் சொல்லால் சொல்வார் என்று டொச்சில் எழுதிவையுங்கள். இன்றே வாரத்தில் ஒரு நாள் வேறு வீட்டில் தங்கிப் பழகட்டும். அவருக்கு உங்கள் கண்ணீரை விட இந்த ஆயத்தம் உதவும்.